ஜான் போஸ்டெல்: ஸ்பாம் வருவதற்கு முன்பே ஸ்பாமைப் பற்றி எழுதியவர்

மக்களே, முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். போன வருஷம் நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு மெயில் அனுப்புற பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு. சீனியர் ஒருத்தர் ஒரு எக்செல் ஷீட் கொடுத்தார். அதுல ஏறக்குறைய நாலாயிரம் மெயில் ஐடி. எந்தக் காலேஜ், எந்த ஈவென்ட், யார் எப்போ கொடுத்தாங்கன்னு எதுவுமே தெரியாது. நானும் யோசிக்கல. மொத்தத்தையும் பிசிசி-ல போட்டு அனுப்பிட்டேன். மறுநாள் இன்னொரு தடவை. நினைவூட்டலாம்.

ரெண்டு நாள்ல அந்த மெயில் கணக்கு 24 மணி நேரம் முடங்கிடுச்சு. அதுக்கப்புறம் நாங்க அனுப்பின மெயில் எல்லாமே நிறைய பேருக்கு ஸ்பாம் ஃபோல்டருக்குப் போக ஆரம்பிச்சது. அதுல ஒண்ணு, பேப்பர் பிரசன்டேஷன் மதியத்துல இருந்து காலைக்கு மாறியிருக்குன்னு பதிவு செஞ்சவங்களுக்கு அனுப்பின மெயில். அந்த மெயிலைப் பார்க்காத மூணு பேர் கொண்ட ஒரு டீம், ஆறு மணி நேரம் பஸ்ல வந்து, மதியம் ஒன்றரை மணிக்கு ஹால் வாசல்ல நின்னாங்க. உள்ளே பரிசளிப்பு முடிஞ்சு நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. அவங்க என்னைத் திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நம்ம மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போச்சுன்னு தேட ஆரம்பிச்சப்போதான் 1975-ல் எழுதப்பட்ட ஒரே ஒரு பக்கக் குறிப்பு கண்ணில் பட்டது. அதை எழுதியவர் பெயர் ஜான் போஸ்டெல். பெயரைக் கேட்டா தபால் துறைக்காரர் மாதிரி இருக்கும். உண்மையில் அவர் செஞ்ச வேலையும் கிட்டத்தட்ட அதுதான். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல எஸ்.எம்.டி.பி. பத்தி நாம எல்லாரும் எழுதியிருப்போம். அதை எழுதின மனுஷனைப் பத்தி எந்த யூனிட்லயும் இல்ல. அதனால இந்த மாசம் அவர் கதை.

ஒரே ஸ்கூல், மூணு பேர்

ஜொனாதன் புரூஸ் போஸ்டெல் 1943 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டடீனாவில் பிறந்தார். படித்தது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளி. இன்டர்நெட் வரலாற்றில் அடிக்கடி வரும் இன்னும் இரண்டு பெயர்கள், வின்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர். அந்த இரண்டு பேரும் இதே பள்ளிதான். பிறகு மூவருமே யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வகத்தில் வந்து சேர்ந்தார்கள். போஸ்டெல் அங்கே 1966-ல் பொறியியல் பட்டம், 1968-ல் முதுகலை, 1974-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவர் மாணவராக இருந்த காலம்தான் அர்பாநெட் பிறந்த காலம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில், பல்கலைக்கழகங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் அது. 1969 அக்டோபர் 29 அன்று யு.சி.எல்.ஏ.விலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. லாகின் என்ற சொல்லை அடிக்க ஆரம்பித்தார்கள், இரண்டு எழுத்து போனதும் எதிர்ப்பக்க சிஸ்டம் படுத்துவிட்டது. நம்ம லேப்ல டெமோ நேரத்துல நடக்கிற அதே கதைதான்.

நெட்வொர்க் எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை எழுதும் வேலை, வேடிக்கையாக, ஆராய்ச்சி மாணவர்கள் தலையில் விழுந்தது. தங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று அவர்களுக்கே சந்தேகம். அதனால் அந்தக் குறிப்புகளுக்குப் பணிவாக ஒரு பெயர் வைத்தார்கள்: கருத்துகள் வரவேற்கப்படுகின்றன என்ற பொருளில் ஆர்.எஃப்.சி. முதல் ஆர்.எஃப்.சி.யை 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் எழுதினார். அதன் பிறகு அந்தக் குறிப்புகளைத் திருத்தி, எண் போட்டு, எல்லாருக்கும் அனுப்பி, பத்திரமாக வைக்கும் வேலையைப் போஸ்டெல் எடுத்துக்கொண்டார். யாரும் பெரிதாக விரும்பாத வேலை. அதைச் சாகும் வரை, ஏறக்குறைய முப்பது வருஷம் செய்தார். அவரே எழுதியவை, சேர்ந்து எழுதியவை மட்டும் 200-க்கும் மேல்.

ஒரு பக்கக் குறிப்பு

1975 நவம்பர். போஸ்டெல் அப்போது ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஆர்.எஃப்.சி. 706 வந்தது. தலைப்பு, குப்பை மெயில் பிரச்சினை பற்றி. கவனிங்க, அப்போ விளம்பர மெயில்னு ஒண்ணு கிடையாது. ஸ்பாம் என்ற பெயரே இந்தப் பொருளில் இல்லை. நெட்வொர்க்கில் இருந்தவர்கள் எல்லாரும் ஆய்வாளர்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்தவர்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் அவர் ஒரு ஓட்டையைப் பார்த்தார். ஒரு கணினிக்கு யார் செய்தி அனுப்பினாலும் அது வாங்கியே ஆக வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கவே, முதலில் வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். எங்கேயோ ஒரு கணினி பழுதாகி ஓயாமல் செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? வாங்கும் கணினியின் நேரம் முழுக்க அதைப் பார்த்துத் தூக்கிப் போடுவதிலேயே போகும். அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குச் சேவை கிடைக்காது. நடுவில் இருக்கும் நெட்வொர்க்கும் வீணாக நெரிசலாகும். பழுதான கணினியை மட்டும் அவர் சொல்லவில்லை. வெறுமனே தொல்லை கொடுக்கும் கணினியையும் சேர்த்தே சொன்னார்.

தீர்வாக அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு இடத்திலும் கணினிக்கு முன்னால் ஐ.எம்.பி. என்று ஒரு பெட்டி இருக்கும், இன்றைய ரவுட்டரின் தாத்தா. இந்தக் கணினியிலிருந்து வரும் செய்திகள் எனக்கு வேண்டாம் என்று அந்தப் பெட்டியிடம் சொல்ல ஒரு வழி வேண்டும் என்றார். அதைச் செயல்படுத்த இரண்டு யோசனை வைத்தார். ஒன்று, வாங்கும் பக்கத்துப் பெட்டியே பட்டியல் வைத்துத் தடுப்பது. ஆனால் அதற்குள் செய்தி நெட்வொர்க் முழுக்கப் பயணம் செய்து வந்திருக்கும், நெரிசல் குறையாது. இரண்டு, மறுப்புச் செய்தியை அனுப்புபவர் பக்கத்துப் பெட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. அப்போது குப்பை கிளம்பும் இடத்திலேயே நிற்கும்.

சரி, யாரை மறுப்பது என்று எப்படி முடிவு செய்வது? ஒவ்வோர் அனுப்புநரிடமிருந்தும் குறிப்பிட்ட நேரத்துக்குள் வேண்டாத செய்தி எத்தனை வருகிறது என்று எண்ண வேண்டும். அது ஓர் அளவைத் தாண்டினால் கதவைச் சாத்த வேண்டும். மனசு மாறினால் திரும்பத் திறக்கவும் வழி வேண்டும்.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம சிம்போசியம் கணக்குதான் ஞாபகம் வந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும், மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு விதி போட்டிருக்காங்க. மெயிலை வாங்குபவர்கள் ஸ்பாம் என்று புகார் அழுத்தும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் மெயிலுக்கு மூணு புகார் வந்தாலே ஆபத்து. அனுப்புநர் வாரியாக எண்ணு, அளவைத் தாண்டினா சாத்து. 1975-ல் ஒரு பக்கத்துல எழுதினது அதேதான்.

இரண்டரை வருஷம் கழித்து

1978 மே மாதம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், பெரிய கணினி நிறுவனம். அதன் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், கலிஃபோர்னியாவில் தங்கள் புதிய கணினிகளை அறிமுகம் செய்யும் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நினைத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பச் சோம்பல். அர்பாநெட் பயனாளர்களின் அச்சிட்ட முகவரிப் புத்தகத்திலிருந்து, மேற்குக் கரையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மெயில். அத்தனை முகவரிக்கும் மெயிலின் தலைப்பகுதியில் இடம் போதாமல், மீதி முகவரிகள் மெயிலின் உடம்புக்குள் வழிந்து, விளம்பரத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் பெயர்ப் பட்டியல் வந்தது.

பெரிய ரகளை. அர்பாநெட் அரசுப் பணத்தில் ஓடியது, வியாபாரத்துக்கு அனுமதி இல்லை. நெட்வொர்க்கை நடத்திய பாதுகாப்புத் துறை அமைப்பு டெக் நிறுவனத்தைக் கண்டித்தது. ஆனால் கணினிகள் நன்றாக விற்றன என்று தூர்க் பிற்பாடு பெருமையாகவே சொன்னார். ஸ்பாமின் மொத்தப் பொருளாதாரமும் இந்தச் சின்னக் கதைக்குள் இருக்கு. அனுப்புறவனுக்குச் செலவு இல்லை, லாபம் உண்டு. செலவு முழுக்க வாங்குறவன் தலையில்.

இங்கே நாமும் கொஞ்சம் யோசிக்கணும். தூர்க் திருடர் இல்ல. உண்மையான பொருள், உண்மையான கூட்டம், சொந்தப் பெயரில்தான் அனுப்பினார். அந்த 400 பேரில் சிலருக்கு அது பயன்பட்டும் இருக்கும். தப்பு ஒண்ணே ஒண்ணு. வேறொரு காரணத்துக்காக அச்சிட்ட புத்தகத்தை எடுத்து, கேட்காதவங்க கதவைத் தட்டினார். என் எக்செல் ஷீட்டும் அதே புத்தகம்தான்.

எஸ்.எம்.டி.பி.யும் அதன் நம்பிக்கையும்

1977-ல் போஸ்டெல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். மரீனா டெல் ரே என்ற கடலோர ஊர். கடைசி வரை அங்கேதான். நாம் படிக்கும் பாடப் புத்தகத்தின் பாதி அந்த அறையிலிருந்து வெளிவந்தது: 1980-ல் யு.டி.பி., 1981-ல் ஐ.பி., ஐ.சி.எம்.பி., டி.சி.பி. ஆகியவற்றின் ஆவணங்கள், 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821, அதாவது எஸ்.எம்.டி.பி.

ஆர்.எஃப்.சி. 821-ஐ ஒரு தடவை திறந்து பாருங்க. ரெண்டு பேர் போனில் பேசுற மாதிரி இருக்கும். ஒரு சர்வர் ஹலோ சொல்லும். இன்னாரிடமிருந்து மெயில் என்று சொல்லும். எதிர்ப்பக்கம் 250, அதாவது சரி என்று பதில் தரும். இன்னாருக்கு என்று சொல்லும். அப்படி ஒருவர் இல்லை என்றால் 550. பிறகு கடிதம், கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி, முடிந்தது. இவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் எந்தக் கணினியிலும் யாரும் ஒரு வாரத்தில் எழுதிவிட முடிந்தது, உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் அந்த உரையாடலில் ஒரு கேள்வி இல்லை. இன்னாரிடமிருந்து என்று சொல்கிறாயே, அது உண்மையா? தபால் கார்டில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமே, அதே மாதிரி. இதோடு இன்னும் இரண்டு வசதிகள். ஒரு சர்வர் தனக்குச் சம்பந்தமில்லாத மெயிலையும் வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்தி உதவலாம். எல்லா நெட்வொர்க்கும் நேரடியாக இணையாத காலத்தில் இது பெரிய உதவி. அடுத்து வி.ஆர்.எஃப்.ஒய். என்ற கட்டளை, இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்க.

1990-களில் இன்டர்நெட் வியாபாரத்துக்குத் திறந்தபோது இந்த மூன்று மரியாதைகளும் மூன்று ஓட்டைகள் ஆயின. பொய் அனுப்புநர் பெயர், அடுத்தவர் சர்வர் வழியாகக் கோடிக்கணக்கில் கடத்தல், உயிரோடு இருக்கும் முகவரிகளை விசாரித்து அறுவடை. சர்வர் நிர்வாகிகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடினார்கள். வி.ஆர்.எஃப்.ஒய். இன்று பெரும்பாலான இடங்களில் பதில் சொல்லாது. அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் எல்லாம் அவர் இறந்து பல வருஷம் கழித்து ஒட்டுப் போட்டவை.

அப்போ போஸ்டெல் தப்பு பண்ணிட்டாரா? 1975-லேயே குப்பையைப் பத்தி எழுதினவர், 1982-ல் ஏன் பூட்டு வைக்கல? இதுதான் என்னை ரொம்ப நாள் குடைஞ்ச கேள்வி. அவர் இதுக்குத் தனியா விளக்கம் எழுதி நான் படிக்கல, அதனால என் புரிதலை மட்டும் சொல்றேன். அன்னைக்கு ஒவ்வொரு கணினிக்கும் பொறுப்பாளர் ஒருத்தர் இருந்தார். ஒரு இடத்திலிருந்து தொல்லை வந்தால் போன் எடுத்து நிறுத்தச் சொல்லலாம். மெயில் என்பதே தெரியாதவர் தெரியாதவருக்கு எழுத முடிவதில்தான் பயன்பட்டது. முதல்லயே பூட்டு வெச்சிருந்தா அது வளர்ந்திருக்காது. டி.சி.பி. ஆவணத்தில் அவர் எழுதி வைத்த ஒரு கொள்கை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. நீ அனுப்பும்போது விதியை இம்மி பிசகாமல் கடைப்பிடி, அடுத்தவர் அனுப்புவதில் சின்னப் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாங்கிக்கொள் என்பது அதன் சாரம். அது பாக்கெட் வடிவத்தைப் பற்றிய கொள்கைதான், மெயில் விளம்பரத்தைப் பற்றியது அல்ல. ஆனால் ஸ்பாம் அனுப்புறவங்க செஞ்சது, பின்பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு முன்பாதியைத் தூக்கிப் போட்டது.

நோட்டுப் புத்தகமும் தாடியும்

போஸ்டெலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாருக்கு எந்த எண் என்று கணக்கு வைப்பது. வெப்புக்கு 80, மெயிலுக்கு 25 என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த போர்ட் எண்களை ஒதுக்கித் தந்த ஆள் அவர்தான். 1972-லேயே, இதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதித் தானே முன்வந்தார். அந்த வேலை வளர்ந்து ஐயானா என்ற பெயர் பெற்றது. பெயர்தான் பெருசு. நடைமுறையில் அது போஸ்டெலும், அவரோடு வேலை செய்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸும், இன்னும் சிலரும்தான். டாட் காம், டாட் எஜு போன்ற பெயர்களையும், நாடுகளுக்கு இரண்டு எழுத்து என்ற முறையையும் 1984-ல் இந்த இருவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 920 வகுத்தது. நம்ம டாட் இன் 1989-ல் பதிவானதும் ஐயானா வழியாகத்தான்.

ஆள் பார்க்க எப்படி? நீளமான நரைத்த தாடி, பின்னால் கட்டிய முடி, காலில் செருப்பு. விடுமுறை கிடைத்தால் பையை மாட்டிக்கொண்டு சியர்ரா நெவாடா மலைப் பக்கம் நடப்பார். இன்டர்நெட்டுக்குக் கடவுள் என்று ஒருவர் இருந்தால் அது இவராகத்தான் இருக்கும் என்ற அளவுக்கு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை எழுதியது. சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஆய்வாளராகவே இருந்தார். அவர் கையால் ஒதுக்கிய பெயர்களை வைத்து மற்றவர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள்.

1994-ல் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591-ல் ஒரு இடம் என்னை நிறுத்தியது. ஒரு நாட்டின் டொமைன் பெயரை நிர்வகிப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல, அறங்காவலர் மாதிரி; உரிமை, உடைமை என்று பேசுவதை விட்டுவிட்டுப் பொறுப்பு, சேவை என்று பேசுங்கள் என்கிறார். மெயில் லிஸ்ட்டுக்கும் இதுதானே? ஒருத்தர் ஒரு ஈவென்ட்டுக்காகத் தன் ஐடியை நம்மகிட்ட கொடுத்தா, அது நம்ம சொத்து இல்ல. அந்த ஈவென்ட்டுக்காக ஒப்படைச்சது. அவ்வளவுதான்.

கடைசி வருஷம்

1998 அவருக்குக் கடினமான வருஷம். டொமைன் பெயர்களில் பணம் புரள ஆரம்பித்ததும், இவ்வளவு பெரிய அதிகாரம் ஒரு தாடிக்காரரின் மேசையில் இருக்கலாமா என்று அரசும் நிறுவனங்களும் கேட்டன. அந்த ஜனவரி 28 அன்று, உலகின் ரூட் சர்வர்களில் 8-ஐ நடத்தியவர்களுக்கு அவர் ஒரு மெயில் அனுப்பினார். இனி மூலத் தகவலைப் பழைய நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுக்காமல் தன் நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுக்கும்படி கேட்டார். எட்டுப் பேரும் செய்தார்கள். வெள்ளை மாளிகை வரை அதிர்ச்சி. அது ஒரு சோதனைதான் என்று சொல்லி, சில நாட்களில் பழையபடி மாற்றினார். அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் ஒரு மெயிலின் எடை என்ன என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாலாயிரம் பேருக்கு நான் அனுப்பியதை யாரும் மதிக்கவில்லை. எட்டுப் பேருக்கு அவர் அனுப்பியதும் இன்டர்நெட்டின் ஆணிவேரே திசை மாறியது. முப்பது வருஷம் சேர்த்த நம்பிக்கை அது.

அதே வருஷம் ஜூலையில், அவர் ஆசிரியராக இருந்தபோது ஆர்.எஃப்.சி. 2369 வெளியானது. எழுதியவர்கள் வேறு. மெயில் பட்டியலிலிருந்து விலகும் வழியை ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் வைக்க வேண்டிய முறையை அது வகுத்தது. இன்று மெயில் மேலே தெரியும் அன்சப்ஸ்கிரைப் பொத்தானின் விதை அங்கே இருக்கிறது. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு ஒரு வழி வேண்டும் என்ற 1975-ன் யோசனை, 23 வருஷம் கழித்து, வேறு உருவத்தில் அவர் மேசைக்கே திரும்பி வந்தது.

மூன்று மாதம்தான். ஏற்கெனவே 1991-ல் இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 1998-ல் மறுபடியும் இதய அறுவை சிகிச்சை, அதன் பின்விளைவுகளால் அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். வயது 55. அவர் வேலையை எடுத்துக்கொள்ள உருவான ஐகான் அமைப்பு பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மறுநாள், பள்ளித் தோழர் வின்ட் செர்ஃப் எழுதிய இரங்கல் வெளிவந்தது. அதுவும் ஒரு ஆர்.எஃப்.சி.யாக, எண் 2468. இத்தனை வருஷம் அந்த வரிசைக்கு எண் போட்டவருக்கு அந்த வரிசையிலேயே ஓர் எண். 1999 முதல் இன்டர்நெட் சொசைட்டி அவர் பெயரில் ஆண்டுதோறும் சேவை விருது வழங்குகிறது.

இந்த வருஷம் நம்ம சிம்போசியத்துக்கு மொத்தம் 612 பேருக்குத்தான் மெயில் போச்சு. எல்லாரும் அவங்களே ஃபார்ம்ல டிக் பண்ணி, மெயில் அனுப்புங்கன்னு கேட்டவங்க. அனுப்புறது யார், எதுக்கு, வேண்டாம்னா எங்கே அழுத்தணும்னு மெயிலோட முதல்லயே போட்டோம். 41 பேர் விலகினாங்க. கொஞ்சம் வலிச்சது, ஆனா சரிதான். நேரம் மாறின மெயில் இந்தத் தடவையும் ஒண்ணு அனுப்ப வேண்டி வந்தது. யாரும் மதியம் வந்து வாசல்ல நிக்கல.

அடுத்த வருஷம் பொறுப்பு எடுக்கப்போற ஜூனியர்ஸ் கவனத்துக்கு: அந்த நாலாயிரம் பேர் எக்செல் ஷீட்டை நான் டெலீட் பண்ணிட்டேன். தயவுசெஞ்சு கேட்காதீங்க. ஆர்.எஃப்.சி. 706 வேணும்னா கேளுங்க, அனுப்புறேன். ஒரே பக்கம்தான்.